கிரேன் ஏறிய கேன்

தண்ணீர் குடிக்காமல் இருப்பதை ஒரு திறமை என்று பதினாறு வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். எண்ணூருக்கு வடக்கே ஒரு துறைமுகத்தில், கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் கிரேனை ஓட்டுகிறேன். பன்னிரண்டு மாடி உயரத்தில், தரையெல்லாம் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கழுத்து போகும், இடுப்பு போகும். ஆனாலும் அந்த நாற்காலியை விட்டு என்னை இறக்க எவன் வந்தாலும் மல்லுக்கு நிற்பேன். ஒரு பக்கம் அத்திப்பட்டுப் புகைபோக்கிகள் தெரியும். இன்னொரு பக்கம் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி எறா, அதாவது இறால், பிடிக்கிறவர்கள் தெரிவார்கள். மேலதிகாரிகளுக்கு ஏறி வரும்போது மூச்சு வாங்குமாதலால் ஒருவரும் வர மாட்டார்கள். என்னைப் போன்ற முன்கோபிக்கு உலகத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரே ஒரு குறை, கழிப்பறை கீழே இருக்கிறது. கிரேனின் நடைபாலத்தில் நடந்து, இரும்புப் படி இறங்கி, லிஃப்டுக்குக் காத்திருந்து போய்வர இருபது நிமிடம் ஆகும். அதற்குள் கப்பல் காத்துக்கிடக்கும், டிரெய்லர்கள் வரிசை கட்டும், வாக்கிடாக்கியில் ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். ஆகவே நாங்கள் குடிப்பதில்லை. ஒரு கிரேனுக்கு இரண்டு ஆபரேட்டர். ஒருவன் மேலே நான்கு மணி நேரம் ஓட்டும்போது மற்றவன் கீழே கப்பலோரம் வெயிலில் நின்று சிக்னல் கொடுப்பான், பிறகு இடம் மாறுவோம். கீழே குடித்தால் மேலே வந்து நிற்கும் என்பதால் கீழேயும் குடிப்பதில்லை.

மீறி வந்தால் சீட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டில் உண்டு. அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம். அடுத்தவன் வந்து உட்காரும்போது அது காலியாக, கழுவியபடி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். போகிறவன் மறந்துவிட்டால் வருகிறவன் சத்தமில்லாமல் கீழே கொண்டு போய்க் கொட்டிக் கழுவி வைப்பான். அதை ஒருநாளும் சொல்லிக்காட்ட மாட்டான். எங்கள் தொழிலில் ஒருவனுக்கு ஒருவன் செய்கிற மரியாதைகளில் பெரியது அதுதான்.

என் ஜோடி தண்டையார்பேட்டைக்காரன். என்னைவிட நான்கு வயது சின்னவன், ஒன்பது வருடமாக என்னோடு ஒரே கிரேன். என்னை மாமு என்பான். நான் அவனை வாயில் வந்ததெல்லாம் சொல்லிக் கூப்பிடுவேன்.

போன மே மாதத்தில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். இருபது டன் பெட்டி ஒன்று அந்தரத்தில் தொங்கும்போது என் முதுகில் யாரோ ஸ்பேனரை வைத்துத் திருகியது மாதிரி வலி வந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அந்தப் பெட்டியை டிரெய்லரில் பூப்போல வைத்துவிட்டுத்தான் சரிந்தேன். இந்தப் பெருமையை இன்றுவரை சந்திக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜோடிதான் மேலே ஓடி வந்தான். என்னைக் கண்ணாடித் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்தான்.

"மூச்ச நல்லா இஸ்து உடு மாமு. இப்ப முதுவுல கீது, அப்பால அடிவயித்துக்கு எறங்கும். வாந்தி வந்தா எடுத்துடு, அடக்கிகினு இருக்காத. அரை மணில சொம்மா ஆயிடும். மறுபடி வரும், பயந்துடாத."

அத்தனையும் அவன் சொன்ன வரிசைப்படியே நடந்தது. எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறவன், எதையாவது படித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேனில் கல் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதுவே வந்து விழுந்தது. டீ வடிகட்டியில் பிடித்து, வெற்றிவீரனைப் போல என் மனைவியிடம் காட்டினேன். அவள் முதலில் கல்லைப் பார்த்தாள், பிறகு வடிகட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு பெத்தவ நானு. கடுகத்தினி கல்லுக்கா தெருவே கேக்குற மாதிரி கத்தன? அந்த வடிகட்டிய இன்னிக்கே தூக்கிப் போட்டுடு, ஆமா."

கல்லை மட்டும் காலி தைலடப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன்.

கம்பெனி டாக்டர் சிரிக்கவில்லை. கேபினில் இன்னொரு தடவை இப்படி ஆனால் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான், தரையில் வேலை என்றார். வருடாந்திரத் தகுதிச் சான்றிதழ் ஆகஸ்டில் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சிறுநீரக டாக்டரிடமிருந்து கடிதம் கொண்டு வரச் சொன்னார். வலி வந்தபோது கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. தரை என்ற ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் தூக்கம் போனது.

திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்க வைத்தியர்கள். எதிர்வீட்டுக்காரர் வாழைத்தண்டு என்றார். மாவு மில்காரர் ரணகள்ளி இலையை வெறும் வயிற்றில் மெல்லச் சொன்னார். மூன்றாம் வீட்டு ரிட்டையர்டு ஆள், பீர் தவிர வேறு மருந்தே கிடையாது என்று என் மனைவி காதில் விழும்படி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் இரண்டு வாரம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். கிரேனுக்கு வந்ததும் பழையபடி நாக்கு ஒட்டிக்கொள்கிற வரைக்கும் தண்ணீரைத் தொடவில்லை.

ராயபுரத்தில் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருக்கிற கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். முதல் தடவை போனபோதே தைலடப்பாக் கல்லை வாங்கி லேபுக்கு அனுப்பியிருந்தார், அடுத்த தடவை ரிசல்ட் தயார். கால்சியம் ஆக்சலேட், பெரும்பாலானவர்களுக்கு வருகிற சாதாரணக் கல் என்று வந்திருந்தது. என் கல்லைச் சாதாரணம் என்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"டாக்டர், ஒரே ஒரு மாத்திரை குடுங்க. காலைல போட்டுட்டா நாள் முழுக்கத் தண்ணியே குடிக்க வேணாம், அந்த மாதிரி."

"அப்படி ஒண்ணு வந்தா முதல்ல நான் போட்டுக்குவேன். எனக்கும் எழுந்து போக நேரம் கிடையாது" என்றார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். கல் திரும்ப வராமல் தடுக்க முக்கியமாக மூன்று வகை மருந்து இருக்கிறதாம். சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகிறவர்களுக்குத் தயசைடு என்று ஒரு மாத்திரை, ரத்தக் கொதிப்புக்கும் அதையே கொடுப்பார்கள். சிட்ரேட் என்ற சத்து குறைந்தவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட். எலுமிச்சம்பழத்தில் இருக்கிற சங்கதிதான், கல் கூடிச் சேர விடாது. யூரிக் ஆசிட் கூடுதலாக இருந்தால் அலோபியூரினால்.

"முதல்ல சொன்னதையே குடுங்களேன்" என்றேன். ரத்தக் கொதிப்பும் எனக்கு இருந்தாலும் இருக்கும், என் குணம் அப்படி.

"குடுக்கலாம். ஆனா அது நீர் பிரிய வைக்கிற மாத்திரை. அடிக்கடி பாத்ரூம் போகணும், பரவாயில்லையா?"

கல்லுக்கு மருந்து கேட்டால் கிரேன்காரனுக்கு மூத்திர மாத்திரை. கேலி செய்வதென்றால் ஆண்டவனுக்கும் ஆள் பார்த்துத்தான் செய்யத் தோன்றும் போலிருக்கிறது.

"மூணுல உங்களுக்கு எதுன்னு நான் சொல்ல முடியாது, உங்க யூரின்தான் சொல்லணும்" என்றார். "ஒருநாள் முழுக்க, சொட்டு விடாம ஒரு கேன்ல பிடிச்சுக் கொண்டாங்க. லீவு நாள் வேணாம், வேலை நாள்ல பிடிங்க. கல்லை அங்கதானே தயார் பண்றீங்க?"

லேபில் கோடு போட்ட வெள்ளைக் கேன் ஒன்று கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் முதல் தடவையை விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் தடவை வரைக்கும் எல்லாம் கேனுக்குள். சூடு படாமல் வைக்க வேண்டும். காசிமேட்டில் மீன் வாங்கப் போகும்போது கொண்டு போகிற தெர்மாகோல் பெட்டியை என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

துறைமுக கேட்டில் சோதனை போடுகிறவர் வடநாட்டுக்காரர். பெட்டியைத் திறந்தார். ஐஸுக்கு நடுவே கேன். அதில் ஏற்கனவே கொஞ்சம் இருந்தது. என்ன என்று இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி வராது. சைகையில் சொன்னேன், அந்தச் சைகையை இங்கே எழுத முடியாது. அவர் மூடியை மெதுவாக மூடிவிட்டு, கைகூப்பாத குறையாக என்னை உள்ளே அனுப்பினார்.

காலை ஷிப்டில் முதல் நான்கு மணி நேரம் எனக்கு. கேனும் என்னோடு பன்னிரண்டு மாடி ஏறியது. என் முறை முடிந்து ஜோடி மேலே வந்ததும் சாப்பிட இறங்கினேன். கேன் சீட்டுக்குப் பின்னாலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதைப் பற்றித்தான் நாங்கள் பேசுகிற வழக்கமே இல்லையே.

கப்பலில் பெட்டிகளைப் பிணைத்திருக்கிற கம்பிகளை ஆட்கள் அவிழ்க்கிற வரைக்கும் வேலை அரை மணி நின்றது. அந்த இடைவெளியில் அவன் இறங்கி வந்தான். கையில் என் கேன், பளபளவென்று இருந்தது.

"பாட்டிலு பத்தலியா மாமு, இம்மாம் பெரிசு வச்சிகினு கீற? கொட்டிட்டு, சோப்பு போட்டு கய்வி, வெயில்ல கவுத்து காய வச்சி எட்தாந்துகீறேன். நாத்தமே இல்ல, மோந்து பாரு."

ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்யக்கூடிய உச்ச மரியாதையை அவன் செய்துவிட்டு நிற்கிறான். கோபப்பட என்னிடம் நியாயமே இல்லை. எனக்குக் கோபம் வர நியாயம் தேவைப்பட்டதும் இல்லை. கப்பலில் இருந்த வெளிநாட்டு மாலுமிகள் எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். எதற்காகப் பிடித்தேன் என்று சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது.

அடுத்த வாரம் இரண்டாவது கேன். இந்தத் தடவை அவன் பிராயச்சித்தத்தில் இறங்கிவிட்டான். மணிக்கொரு தரம் மேலே ஏறி வந்து, "நா பாத்துக்கறேன், நீ போய் குடிச்சிட்டு வா, போய்ட்டு வா" என்று என்னை விரட்டினான். அன்று நான் குடித்த தண்ணீரில் ஒரு குடும்பம் குளித்திருக்கலாம். துறைமுகத்தில் பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆள் வருகிற அன்று எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருக்கும், தீயணைப்பானெல்லாம் தூசி தட்டி நிற்கும், மஞ்சள் கோட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கும். அதே புத்தியில் நாங்கள் என் சிறுநீருக்கும் பெயின்ட் அடித்துவிட்டோம். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. சோதனை என்று வந்துவிட்டால் எங்களுக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது.

ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் அம்மாவுக்கே ஆச்சரியம். "ரெண்டே முக்கால் லிட்டர். சிட்ரேட் மட்டும் ஒரு மாதிரியா இருக்கு, மத்ததெல்லாம் சரி. தினமும் இப்படித்தான் குடிக்கிறீங்களா?"

"ஆமா டாக்டர்."

கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை நான்.

"அப்ப மருந்து இப்போதைக்கு வேணாம். இப்படியே குடிங்க, உப்பைக் குறைங்க. லெட்டர் அடுத்த மாசம் தரேன்."

ஏதோ பரீட்சையில் மாநிலத்தில் முதலாவதாக வந்தவன் மாதிரி படி இறங்கினேன். மறுநாளிலிருந்து பழையபடி வறண்ட தொண்டைதான்.

மூன்று வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நிற்கும்போது அடுத்த கல் வந்தது. இந்தத் தடவை வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கத்தினேன். தெருவுக்குத் தெரிந்தால் துறைமுகத்துக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? சான்றிதழுக்கு இன்னும் பத்து நாள். மறைத்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன்.

வெந்நீர்ப் பை ஒற்றடம் கொடுத்தபடியே என் மனைவி சொன்னாள்: "டாக்டராண்ட பீலா உட்டுட்ட. கல்லாண்ட உட முடியுமாய்யா?"

அவள் சொன்னதற்குப் பிறகுதான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக அது திங்கட்கிழமையாக இருந்திருந்தால்? தொங்குகிற பெட்டிக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது என்பது சட்டம். வேலை மும்முரத்தில் எல்லாரும்தான் நிற்போம். நான் மேலே இருந்தால் கீழே நிற்கிறவன் என் ஜோடி. போன தடவை பெட்டியைப் பூப்போல வைத்தது என் திறமையே இல்லை, அதிர்ஷ்டம். கிரேன் போய்விடும் என்ற பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ராயபுரம் போய், ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். பாட்டில் வரைக்கும் சொன்னேன். டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேர் இப்படி?"

"எல்லாரும்தான் டாக்டர்."

மூன்றாவது கேன் நேர்மையான கேன். யாரையும் மேலே வர விடவில்லை. ஒருநாள் முழுக்கச் சேர்ந்தது ஒரு லிட்டர் கூட இல்லை, நிறம் டிகாக்‌ஷன். சிட்ரேட் அடிமட்டத்தில் இருந்தது. பொட்டாசியம் சிட்ரேட் எழுதினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், நடுநடுவே ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும்.

"இது தண்ணிக்குப் பதில் கிடையாது. தண்ணியோட சேர்ந்தாத்தான் இது மருந்து. குடிக்கிறதை அளக்காதீங்க, வெளியே வர்றதை அளங்க. ரெண்டரை லிட்டர் வரணும்" என்றார். பிறகு கடிதம் எழுதினார். உயரத்தில் வேலை செய்யத் தகுதி உண்டு, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கிச் சிறுநீர் கழிக்க அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் விரலைத் தூக்கிக் கேட்டதற்குப் பிறகு, ஐம்பது வயதில் அதையே காகிதத்தில் கேட்கிறேன். ஷிப்ட் இன்சார்ஜ் இரண்டு முறை படித்தார், சிரிப்பை அடக்கினார். "கப்பலை நிறுத்த முடியாது. நாலு மணி நேரத்துக்குப் பதிலா ரெண்டு ரெண்டு மணி நேரமா மாத்திக்கோங்க. ஆனா உங்க ஜோடி ஒத்துக்கணும், அவர்தான் ரெண்டு மடங்கு ஏறி இறங்கணும்" என்றார். ஆக, என் நாற்காலி அவன் கையில்.

டீ குடிக்கிற ஷெட்டில் அவனிடம் கடிதத்தை நீட்டினேன். நக்கல் அடிப்பான், இரண்டு நாள் துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று தயாராக இருந்தேன். அவன் மெதுவாகப் படித்தான். மடித்தான். பர்ஸை எடுத்து, பிள்ளைகள் போட்டோவுக்குப் பின்னாலிருந்து மருந்துக்கடைக் கவர் ஒன்றை உருவி என் உள்ளங்கையில் கவிழ்த்தான். பழுப்பு நிறத்தில் மூன்று கல்.

"போன வருசம் ரெண்டு. இந்த நோம்புக்கு முன்னால ஒண்ணு."

"எங்க வந்துச்சு?"

"மேலதான்."

"பெட்டி தொங்கிகினு இருந்துச்சா?"

அவன் கல் மூன்றையும் பொறுக்கிக் கவருக்குள் போட்டான். "சொன்னா எறக்கிடுவானுங்க மாமு. அதான் சொல்லல. உன்னாண்ட கூட சொல்லல" என்றான்.

அவன் மேலே இருந்தால் கீழே நிற்கிறவன் நான். மூன்று தடவை நான் அங்கே, அந்தப் பெட்டிகளுக்கு அடியில், வெயிலைத் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில், என் முதுகை அழுத்திப் பிடித்த அந்த உள்ளங்கையும், வலி வருகிற வரிசையை ஒவ்வொன்றாகச் சொன்ன குரலும் ஞாபகம் வந்தன. இவனுக்கு வந்தபோது முதுகைப் பிடிக்க ஆள் இல்லை. மூன்று தடவையும் தனியாகத்தான் பல்லைக் கடித்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி விழுந்த மாதிரி நடித்துப் பார்த்தேன், எடுபடவில்லை.

"எய்ந்திரு" என்றேன். "ஷிப்டு முடிஞ்சதும் நேரா ராயபுரம் போறோம். எதுனா ஜகா வாங்கன, நானே போயி எல்லாத்தயும் சொல்லிடுவேன்."

இப்போது இரண்டு மணி நேரம் அவன், இரண்டு மணி நேரம் நான். சான்றிதழ் கிடைத்துவிட்டது. சிட்ரேட் தண்ணீர் புளிப்பும் உப்புமாக நாக்கில் ஒட்டுகிறது, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே குடித்துவிடுகிறேன். மற்ற கிரேன் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, சும்மா கேட்பது போல, அந்த டாக்டர் எந்தத் தெரு என்று கேட்டுப் போகிறார்கள்.

போன வியாழக்கிழமை அவன் தெர்மாகோல் பெட்டியோடு கேட்டில் வந்து நின்றான். அதே வடநாட்டுக்காரர், திறந்து கூடப் பார்க்காமல் உள்ளே விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து நான் மேலே போனபோது, சீட்டுக்குப் பின்னால் ஐஸுக்குள் அவன் கேன் இருந்தது. கால்வாசி கூட இல்லை, டிகாக்‌ஷன் நிறம். பெயின்ட் அடிக்காத கேன். எழுந்து வாசல் வரை போனவன் திரும்பி அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"தொட மாட்டேன், போ" என்றேன்.

அவன் கீழே போய்ச் சேர்ந்து, வாக்கிடாக்கியில் "தூக்கு மாமு" என்றான். பெட்டியைத் தூக்கினேன். என் கால்களுக்கு நடுவே, கண்ணாடிக்கு நேர் கீழே, அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது.

"அங்கேர்ந்து நகுந்து நில்லு" என்றேன். அவன் நகர்ந்த பிறகுதான் பெட்டியை அசைத்தேன்.